தீபன்: பாதியில் கைவிடப்பட்ட யாழினி

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய ‘தீபன்’ படத்தில் என்னைப் பிடித்து நிறுத்துபவள் யாழினிதான். இறந்துபோன ஒருத்தியின் கடவுச்சீட்டில் இலங்கையிலிருந்து பிரான்சுக்கு வருகிறாள். அந்தக் காகிதத்துக்காக முன்பின் தெரியாதவனுக்கு மனைவி, யாரோ பெற்ற பிள்ளைக்குத் தாய். அவள் போக நினைத்ததோ இங்கிலாந்து! பிள்ளைக்காவது பிரெஞ்சு படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கு. இவளுக்கு நோயாளி ஒருவர் வீட்டில் சமையலும் துப்புரவும்தான். காளீஸ்வரி சீனிவாசன் இதையெல்லாம் அலட்டாமல் நடித்திருக்கிறார்.

அப்புறம் துப்பாக்கி வந்துவிடுகிறது. தன் முடிவைத் தானே எடுக்கப் பார்த்தவள், தீபன் வந்து காப்பாற்றக் காத்திருக்கும் கதாநாயகி ஆகிவிடுகிறாள். உடனே இங்கிலாந்து, வெயில், கைக்குழந்தை. எப்படிப் போனார்கள், யாழினி அங்கே என்ன செய்கிறாள்? இயக்குநர் ஜாக் ஓதியார் வாயே திறக்கவில்லை.