பழைய அரிசி: எந்த வருடத்து நெல்?

தஞ்சாவூர்ப் பக்கம் 'பழசு' என்று சொன்னாலே அரிசிக்கு விலை கூடும். காரணம் இருக்கு. புது அரிசி குழையும். ஒரு வருடம் இருப்பில் கிடந்தது உலையில் கூடுதலாகத் தண்ணீர் இழுத்து, உதிரியாக வேகும். இருப்பில் புரதப் பிணைப்புகள் இறுகி, மாவுச்சத்து கரைந்து வெளியேறுவது குறைகிறது.

ஆனால் பழசெல்லாம் நல்லது என்பதை நான் ஏற்கவில்லை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது. முற்றிக் காய்ந்த நெல் திரும்ப நனைந்தால் உள்ளே விரிசல் விடும், அரைத்தால் நொய்யாகும். கதிரிலேயே முளைப்பதும் உண்டு. காலம் பசையைக் குறைக்கும், விரிசலை ஒட்டாது.

பிரான்சின் போர்தோவுக்கும் 2013 அப்படி ஒரு வருடம்: குளிர், மழை, குறைந்த விளைச்சல். ஆனால் பாட்டிலில் ஆண்டு அச்சாகியிருக்கும். பத்து வருடம் கழித்துத் திறந்து, அன்றைய தீர்ப்பு சரியா என்று ஒயின் செய்தவரே ருசித்துப் பார்க்கலாம்.

நம்ம சிப்பத்தில் பேக்கிங் தேதிதான் இருக்கு, அறுவடைப் பருவம் இல்லை. எங்கள் தொழில் பாஷையில், மெட்டாடேட்டா போச்சு. கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் கொண்டுவர, சாலையில் கொட்டிக் கிளறிக் காயவைத்தவரின் உழைப்பும் அதோடு போச்சு. மோசமான பருவத்திலும் நல்ல நெல் எடுத்தவர் யார் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

சிப்பத்தில் ஒரு வரி போதும்: சம்பா, 2022-23, தஞ்சாவூர். பழசு நல்லதா என்பதை அப்புறம் நாக்கு சொல்லட்டும்.