மேட்டுத்தெருவின் அமைதி: 'பாரசைட்' திரைப்படத்தை முன்வைத்து

பொங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' பற்றி நமது வட்டத்தில் ஏற்கனவே நிறையப் பேசியாயிற்று. 2019 மே மாதம் கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பெற்ற முதலாவது கொரியப் படம் அது. 2020 பெப்ரவரியில் சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன. ஆங்கிலமல்லாத மொழியில் எடுக்கப்பட்ட படமொன்று சிறந்த படத்துக்கான ஒஸ்காரைப் பெற்றது அதுவே முதல் தடவை. பேசியவர்களில் ஒரு சாரார் அதனை வர்க்க முரண்பாட்டின் படமாகக் கண்டனர். இன்னொரு சாரார், ஏழைகளை ஏமாற்றுக்காரர்களாகக் காட்டிவிட்டது என்று குறைப்பட்டனர். இரண்டு வாசிப்புகளிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே மனிதர்களைப் பற்றி மட்டும் பேசுகின்றன. அம்மனிதர்கள் நிற்கும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

இக்குறிப்பு அந்த நிலத்தைப் பற்றியது. பெருநகரம் ஒன்றின் உள்ளேயே, மலைச்சரிவில், உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் சத்தமின்றி இருக்கும் செல்வந்தர் குடியிருப்பு எப்படிப்பட்ட இடம்? அந்த அமைதி எங்கிருந்து வருகிறது?

நான் வயல்வெளிக் கிராமமொன்றின் பாடசாலை ஆசிரியன். எங்களூரில் மலை இல்லை. ஆகக்கூடிய மேடு குளக்கட்டுத்தான். மாரியில் வெள்ளம் வந்தால் மௌலவி வளவு, மாஸ்டர் வளவு, கூலிக்காரன் வளவு என்று பார்க்காமல் எல்லா வளவுக்குள்ளும் வரும். ஆதலால் மேடு, பள்ளம் என்பன எனக்கு நெடுங்காலமாக வெறும் உவமைகளாகவே இருந்தன. இப்படத்தை மூன்றாவது தடவை பார்த்தபோதுதான், அவை நீர் ஓடும் திசையைக் குறிக்கும் சொற்கள் என்பது எனக்கு உறைத்தது.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். அரைவாசி நிலத்துக்குக் கீழே அமைந்த வீட்டில் வாழும் குடும்பம் கி-தேக்கினுடையது. பீட்சாப் பெட்டி மடித்துப் பிழைக்கிறார்கள். மகன் கி-ஊ பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் நான்கு தடவை தோற்றவன். போலிச் சான்றிதழோடு, மேட்டில் இருக்கும் பார்க் குடும்பத்தின் மகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அதன்பின் தங்கை சித்திர ஆசிரியையாக, தந்தை சாரதியாக, தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக ஒவ்வொருவராக உள்ளே நுழைகிறார்கள். அந்த வீட்டுக்குள் நுழைவதற்கான வாசலாகக் கற்பித்தல் தொழிலை இயக்குநர் தெரிந்தெடுத்ததை ஓர் ஆசிரியனால் இலகுவில் மறக்க முடியாது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கி-ஊ முதன்முதலாக மேடேறும் காட்சியை அவதானியுங்கள். கீழே அவனது ஒழுங்கையில் வெறிகாரன் சுவரோடு நின்று சிறுநீர் கழிக்கிறான். கிருமிநாசினிப் புகை சன்னலுக்குள்ளால் புகுகிறது. வெளியுலகம் தடையின்றி வீட்டுக்குள் வருகிறது. மேலே எதுவும் உள்ளே வருவதில்லை. மதில், அழைப்புமணி, படிகள், பிறகுதான் புல்வெளியும் வெளிச்சமும். அமைதி என்பது இங்கு இயற்கையின் கொடையன்று. ஒவ்வொரு சத்தத்தையும் ஒவ்வொரு வாடையையும் யாரோ வெளியே பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதன் பெறுபேறு.

அந்த 'யாரோ' பற்றியதே படம். பணிப்பெண் முன்-குவாங் அந்த வீட்டைக் கட்டிய கட்டடக்கலைஞரின் காலத்திலிருந்தே அங்கிருப்பவள். வீட்டை உரிமையாளரைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நிலத்தின் கீழ் இருக்கும் பதுங்கறையில் கடன்காரர்களுக்குப் பயந்து அவளது கணவன் நான்கு வருடங்களுக்கும் மேலாக ஒளிந்திருக்கிறான். பார்க் படியேறி வரும்போது கீழேயிருந்து ஆளியை அழுத்தி ஒவ்வொரு விளக்காக எரிய வைப்பவன் அவனே. பார்ப்பவருக்கு அது தானியங்கி விளக்காகத்தான் தோன்றும். செல்வந்தரின் வீட்டில் தானாக நடப்பதாகத் தோன்றும் எதுவும் தானாக நடப்பதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியொன்றை நான் கண்டதில்லை.

அந்த ஏற்பாட்டில் மதிலால் தடுக்க முடியாமற்போவது ஒன்றே ஒன்று. அது வாடை. சாரதி கி-தேக் எல்லை மீறுவதில்லை, ஆனால் அவரது வாடை எல்லை மீறுகிறது என்கிறார் பார்க். பின்னர் மழை பெய்யும் இரவில் மூவரும் மேட்டிலிருந்து தங்கள் வீட்டுக்கு ஓடுகிறார்கள். படிகள், சுரங்கப்பாதை, மீண்டும் படிகள், மீண்டும் இறக்கம். அவர்களோடு சேர்ந்து நீரும் இறங்குகிறது. வீட்டுக்குள் கழிவுநீர் நெஞ்சுமட்டத்துக்கு நிற்கிறது. மறுநாள் காலையில் பார்க்கின் மனைவி, இரவு பெய்த மழையால் காற்றின் தூசு நீங்கியது என்று தொலைபேசியில் மகிழ்கிறாள். அவள் கெட்ட பெண்ணல்ல. அவளுக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாமல் இருக்கக்கூடிய வசதிதான் அந்தக் குடியிருப்பின் விலை.

இந்த இடத்தில் அகிரா குரோசவாவின் 1963 ஆம் ஆண்டுப் படம் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் 'ஹை அண்ட் லோ' என்று வழங்கும் அதன் ஜப்பானியத் தலைப்பின் நேர்ப்பொருள் 'சுவர்க்கமும் நரகமும்'. யொகொஹாமாவின் மேட்டில் சப்பாத்துக் கம்பனி அதிகாரி ஒருவரின் வீடு. கீழே புழுங்கும் சிற்றறையிலிருந்து அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தே வெறுப்பு வளர்க்கிறான் ஓர் இளைஞன். அதிகாரியின் மகனைக் கடத்த நினைத்துச் சாரதியின் மகனைக் கடத்திவிடுகிறான். குரோசவாவின் நகரத்தில் கீழே இருப்பவனுக்கு மேலே இருக்கும் வீடு தெரிகிறது. பொங்கின் நகரத்தில் அதுவும் இல்லை. கி-ஊவின் சன்னலிலிருந்து தெருவின் தார்தான் தெரியும். படத்தின் இறுதியில், பனிக்காலத்தில், அதைவிட உயரமான குன்றில் ஏறி நின்றுதான் அவனால் அந்த வீட்டைப் பார்க்க முடிகிறது. பொறாமைப்படுவதற்குக்கூடப் பார்வை வேண்டும். 56 வருட இடைவெளியில் அதுவும் மதிலுக்குப் பின்னால் போய்விட்டது.

இதுவரை சொன்னவை படத்தின் பலம். இனி எனது மனக்குறை.

பார்க்கின் வீடு ஓர் அரங்கு. ஜொன்ஜு நகரில் படத்துக்காகக் கட்டப்பட்டது. கி-தேக்கின் ஒழுங்கையும் அரங்குதான். கோயாங்கில் நீர்த்தொட்டியொன்றுக்குள் கட்டி அதில் வெள்ளத்தை விட்டார்கள். ஆனால் கி-ஊ ஏறிச்செல்லும் மேட்டுத்தெரு உண்மையானது. சியோலின் சொங்புக்-டொங் பகுதியில் அது படமாக்கப்பட்டது. வெளிநாட்டுத் தூதுவர்களின் இல்லங்களும் பெருஞ்செல்வந்தர்களின் வீடுகளும் உள்ள மலைச்சரிவு அது. படம் நமக்குத் தரும் வரைபடம் எளிமையானது: மேலே பணக்காரர், கீழே ஏழை. சொங்புக்-டொங்கின் கதையோ அவ்வளவு எளிமையானதன்று.

வாகனமும் தெருவும் இல்லாத காலத்தில் மலைச்சரிவு யாரும் விரும்பாத நிலம். கொரியப் போருக்குப் பிறகு சியோலுக்கு வந்து குவிந்த ஏழைகள் மலைகளிலேதான் குடிசை போட்டார்கள். நிலவுக்குக் கிட்ட இருப்பதால் அத்தகைய குடியிருப்புகளை நிலாக் கிராமம் என்று அழைத்தார்கள். சொங்புக்-டொங்கிலும் 1396 இல் எழுப்பப்பட்ட பழைய நகர மதிலை அண்டி அப்படியொரு குடியிருப்பு உருவானது. அதே சரிவில்தான் கவிஞரும் பிக்குவும் விடுதலைப் போராளியுமான ஹன் யொங்-உன் 1933 இல் ஒரு சிறு வீட்டைக் கட்டினார். தெற்கு நோக்கினால் ஜப்பானிய ஆட்சியின் தலைமைச் செயலகம் கண்ணில் படும் என்பதற்காக வீட்டை வடக்கு நோக்கி அமைத்தார் என்பர். விடுதலையைக் காணாமல் 1944 இல் அவ்வீட்டிலேயே காலமானார். மலையில் ஒரு வீடு என்பது எதிர்ப்பாகவும் இருந்த காலம் அது.

1968 ஜனவரியில் வட கொரியக் கொமாண்டோக்கள் ஜனாதிபதி மாளிகையைத் தாக்க வந்து முறியடிக்கப்பட்டனர். அவர்கள் வந்த வழி அந்த மலைகள்தான். அதே ஆண்டில் பாதுகாப்புக் கருதி மலையின் மேலாக புகக் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 1970 இல் சம்சொங் சுரங்கப்பாதை வந்தது. தெரு வந்ததும் மலைக்கு விலை வந்தது. விலை வந்ததும் பாறைகளை உடைத்து வளவு பிரித்தார்கள். கிம் குவாங்-சொப் 1968 இல் வெளியிட்ட 'சொங்புக்-டொங் புறா' என்ற கவிதை, இப்படிப் பாறை உடைத்த நாட்களில் இருப்பிடம் இழந்த பறவையைப் பற்றியது. கொரியப் பாடநூல்களில் இடம்பெற்ற கவிதை. கிம் குவாங்-சொப்பும் ஓர் ஆசிரியர். ஜப்பானிய ஆட்சியில் மாணவர்களுக்குத் தேசிய உணர்வை ஊட்டியதற்காகச் சிறை சென்றவர்.

ஆக, இன்று நாம் வியக்கும் அந்த அமைதி வெடிச்சத்தத்தோடு தொடங்கிய ஒன்று. பொங்கின் படத்தில் இந்த வரலாறு இல்லை. அவருடைய மலை எப்போதும் பணக்காரரின் மலையாகவே இருந்ததுபோல் நிற்கிறது. ஏழை பிறந்ததே பள்ளத்தில்தான் என்பதுபோல் படம் நகர்கிறது. கவிஞர் ஒரு புறாவைக் கொண்டு சொன்னதை, இத்தனை நுட்பமான படம் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகவே படுகிறது.

ஆனால் படமே அறியாமலோ அறிந்தோ ஒரு தடயத்தை விட்டுவைத்திருக்கிறது. பணக்கார வீட்டின் பதுங்கறை வடக்கின் தாக்குதலுக்கோ கடன்காரருக்கோ பயந்து அமைக்கப்பட்டது என்று படத்தில் சொல்லப்படுகிறது. கி-தேக்கின் வீட்டைப் போன்ற அரை நிலக்கீழ் வீடுகளுக்கும் அதே பயம்தான் மூலம். 1970 இல், புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்கு யுத்தகாலத்தில் பதுங்குவதற்கு ஏற்ற நிலவறை வேண்டும் என்று சட்டம் வந்தது. பின்னர் வீட்டுத் தட்டுப்பாட்டினால் அந்த நிலவறைகளில் மக்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்டது. ஒரே பயம் மேட்டில் இரகசிய அறையானது. பள்ளத்தில் வாடகை வீடானது. 2022 ஓகஸ்ட் 8 ஆம் திகதி சியோலில் பெய்த பெருமழையில், சில்லிம்-டொங்கில் அத்தகைய வீடொன்றுக்குள் 13 வயதுச் சிறுமி உட்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற முடியாமல் இறந்தனர். படம் வந்து மூன்று வருடங்களின் பின்னர்.

நான் ஏன் இவ்வளவு தூரத்து நகரம் ஒன்றைப் பற்றி இத்தனை விபரம் தேடினேன் என்று கேட்கலாம். 2004 ஆம் ஆண்டு முதல் நமது நாட்டு இளைஞர்கள் தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் கொரியாவுக்குப் போகிறார்கள். நான் படிப்பித்த பொடியன் ஒருவனும் உயர்தரத்தில் இரண்டு தடவை தவறவிட்டு, பிறகு கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் போனான். சியோலுக்கு வெளியே ஓர் இரும்பு வேலைத்தலத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்காக அந்தத் தெருவைப் போய்ப் பார்க்கும்படி கேட்டேன். இரவு அழைத்தான்.

"சேர், மதில்தான் இரிக்கி. ஊட்டைக் காணல்ல. ஒரு கடையும் இல்ல, ஒரு மனிசனும் இல்ல. கமரா மட்டும்தான் என்னப் பாத்துக்கு நின்ட."

"சத்தமே இல்லயா?"

"ஒரு மதிலுக்கு அங்கால யாரோ தண்ணி அடிச்சிக் கழுவுற சத்தம் கேட்ட. வேற ஒண்டும் இல்ல." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அங்க நிக்கக்குள்ளதான் சேர், என்ட காதுக்குள்ள மெசின் ஓடிக்கிட்டு இரிக்கிறது எனக்கு வெளங்கின. வேலத்தலத்துல அது தெரியிற இல்ல."

விமர்சனம் என்று நான் எழுதியவை எல்லாவற்றையும்விட அந்த ஒரு வசனம் கனமானது. மேட்டுத்தெருவின் அமைதி அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவன் இழந்ததைக் காட்டிக்கொடுத்தது.

கி-ஊவிடம் வருகிறேன். படத்தின் முடிவில், பதுங்கறைக்குள் மறைந்துவிட்ட தந்தைக்கு அவன் மனதுக்குள் கடிதம் எழுதுகிறான். நிறைய உழைப்பேன், அந்த வீட்டை வாங்குவேன், நீங்கள் படியேறி வெளியே வந்தால் போதும் என்பது அதன் சாரம். பிறகு கெமரா மெல்லக் கீழே இறங்கி, அதே அரை நிலக்கீழ் வீட்டில் அவன் அமர்ந்திருப்பதைக் காட்டுகிறது. பலரும் இதை நிறைவேறாக் கனவின் சோகமாகவே பேசினார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அந்தத் திட்டம் நிறைவேறினாலும் எதுவும் மாறாது. மலை மலையாகவே இருக்கும், மதில் மதிலாகவே இருக்கும். மேலே இருப்பவரின் பெயர் மட்டுமே மாறும். மழைநீர் வேறொருவனின் வீட்டுக்குள் இறங்கும்.

'படித்தால் மேலே போகலாம்' என்று ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறிய நாள் முதல் நானும் சொல்லி வருகிறேன். 'எனது எதிர்காலக் கனவு' என்று கட்டுரை எழுதச் சொல்லி, மாடி வீடு கட்டுவேன் என்று எழுதிய பிள்ளைகளுக்கு நல்ல புள்ளி போட்டிருக்கிறேன். கி-ஊவின் கடிதம் என் வகுப்பில் எழுதப்பட்ட கட்டுரைதான். பிள்ளைகள் மேலே போகக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை, போகட்டும். ஆனால் மேலே போனவனின் முற்றத்து நீர் எங்கே போகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்காத கல்வி, மதில் கட்டுவதற்கு மட்டுமே உதவும். பொங் அந்தக் கேள்வியைத் தன் படத்தில் வாயால் கேட்கவில்லை, மழையைக் கொண்டு காட்டினார். அதை வாயால் கேட்கவேண்டியது வகுப்பறையில் நிற்கும் என் போன்றவர்களின் வேலை. இத்தனை வருடங்களாக நான் அதைச் செய்யவில்லை.