பெயர்களின் எண்ணிக்கையும் சொல்லின் அதிகாரமும்: பெண் முஹத்திஸ்கள் பற்றிய இரு நூல்கள்

இஸ்லாத்தில் பெண்ணின் நிலை குறித்து நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளுக்கென ஒரு வழித்தடம் உருவாகிவிட்டது. ஜாஹிலிய்யாக் காலத்தில் பெண் குழந்தைகள் உயிருடன் புதைக்கப்பட்டமை முதலில் வரும். இஸ்லாம் அவர்களுக்கு வாரிசுரிமையும் மஹரும் வழங்கியமை அடுத்து வரும். அன்னை ஆஇஷா (ரழி) இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தமை அதன் பின் வரும். அத்துடன் கட்டுரை பதின்மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டி நம் காலத்துக்கு வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் முஸ்லிம் பெண்கள் எதைக் கற்றார்கள், யாருக்குக் கற்பித்தார்கள், அவர்கள் சொன்னதை யார் ஏற்றார்கள் என்ற வினாக்கள் எழுவதேயில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்ற இரு நூல்களை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, லக்னோ நத்வதுல் உலமாவில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் நெடுங்காலம் ஆய்வாளராக இருந்த மௌலானா முஹம்மத் அக்ரம் நத்வி ஆங்கிலத்தில் எழுதிய 'அல்முஹத்திஸாத்' (2007). மற்றது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2013இல் வெளியிட்ட, முஸ்லிம் பெண்களும் மார்க்க அறிவின் பரிமாற்றமும் என்ற பொருள் பற்றிய அஸ்மா சயீதின் ஆய்வு. ஒன்று மதரஸா மரபில் ஊறியது. மற்றது மேற்கத்தியப் பல்கலைக்கழக வரலாற்றியலில் பிறந்தது. இரண்டும் பெரும்பாலும் அதே பெண்களைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் அவை சென்றடையும் முடிவுகள் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டில்தான் நமக்கான பாடம் இருக்கிறது என்று கருதுகிறோம்.

நத்வியின் நூல் உண்மையில் ஒரு முன்னுரையே. தபகாத் நூல்களிலும், ஹதீஸ் சுவடிகளின் ஓரங்களில் எழுதப்பட்ட செவிமடுப்புப் பதிவுகளிலும், இஜாஸாக்களிலும் சிதறிக் கிடந்த பெண் அறிவிப்பாளர்களின் வரலாறுகளை அவர் பல ஆண்டுகள் தேடித் தொகுத்தார். சிலரே தேறுவர் என்று தொடங்கிய தேடல், நூல் வெளிவந்தபோது எட்டாயிரத்தைத் தொட்டிருந்தது. முழுத் தொகுப்பு 2021இல் அரபு மொழியில் 43 தொகுதிகளாக வெளிவந்தது. பெயர்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைக் கடந்துவிட்டது.

இந்நூல் நம் கண் முன் நிறுத்தும் காட்சிகள் சில. டமஸ்கஸ் நகரில் இளைய உம்முத் தர்தாவின் பாட அவையில் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் மாணவராக அமர்ந்திருக்கிறார். மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா (மறைவு ஹிஜ்ரி 463) ஸஹீஹுல் புகாரியைக் கற்பிக்கிறார். அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர் 'பக்தாத் வரலாறு' எழுதிய கதீப் அல்பக்தாதி. மதீனாவின் நபவிப் பள்ளிவாசலில் முதிய வயதில் ஃபாத்திமா அல்பதாஇஹிய்யா (மறைவு ஹிஜ்ரி 711) ஹதீஸ் பாடம் நடத்துகிறார். இப்னு ஹஜர் அல்அஸ்கலானி தம் ஆசிரியர்களின் வரிசையில் டமஸ்கஸின் ஆஇஷா பின்த் அப்துல் ஹாதியை வைக்கிறார். ஸகாவி தம் காலத்து மனிதர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது, இறுதித் தொகுதி முழுவதையும் பெண்களுக்கென ஒதுக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்கிறார். பெண் அறிவிப்பாளர்களுள் பொய்யுரைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தாம் அறியவில்லை என்பது தஹபியின் சாட்சியம்.

இதன் பயன் இரு முனைகளில் அமைகிறது. பெண்ணைப் பள்ளிவாசலிலிருந்தும் பாட அவையிலிருந்தும் விலக்கிவைப்பதே ஸலஃபுகளின் வழி என்போருக்கு, அந்த ஸலஃபுகளின் ஏடுகளிலிருந்தே இந்நூல் மறுமொழி தருகிறது. இஸ்லாமிய அறிவு மரபில் பெண்ணுக்கு இடமே இருந்ததில்லை என்று முடிவு கட்டிய மேற்கத்திய எழுத்துகளுக்கும் அதுவே மறுமொழியாகிறது. தம்மைப் பெண்ணியவாதிகளின் வரிசையில் வைப்பதை நத்வி விரும்புவதில்லை. எனினும் பெண்ணிய ஆய்வு பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த ஆதாரத்தை அளித்தவர் அவரே.

இவ்வளவும் சொன்ன பின் நம் குறையையும் சொல்லவேண்டும். நத்வியின் நூல் பெரிதும் பொருள்வாரியாக அமைந்தது. பயணம், வாசிப்பு, ஆசிரியர்கள், அறிவிப்பு என ஒவ்வொரு தலைப்பின் கீழும் பல நூற்றாண்டுகளின் பெண்கள் அருகருகே நிறுத்தப்படுகின்றனர். அதனால் இந்த மரபு எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் பெருகி ஓடியதைப் போன்ற தோற்றம் வாசகர் மனத்தில் பதிகிறது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் ஒரு பெண் ஸஹாபி ஹதீஸை எடுத்துரைத்ததும், எட்டாம் நூற்றாண்டில் ஒரு மூதாட்டி தம் முன் வாசிக்கப்பட்ட நூலுக்கு இஜாஸா வழங்கியதும் ஒரே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன. அவ்விரண்டும் ஒரே வகைச் செயல்தானா?

அஸ்மா சயீத் இந்த வினாவிலிருந்தே தொடங்குகிறார். அவர் வரையும் கோடு ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி, மீண்டும் இறங்குகிறது. ஸஹாபாக்களின் காலத்தில் பெண்களின் அறிவிப்புப் பணி செழித்திருந்தது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலிருந்து அது சுருங்கியது. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தச் சுருக்கம் நீடித்தது. அதன் பின் மறுமலர்ச்சி தோன்றி மம்லூக் காலத்தில் உச்சம் கண்டது. உஸ்மானியர் காலத்தில் மீண்டும் தேய்ந்தது.

இந்த இறக்கத்துக்கு அவர் காட்டும் காரணங்கள் கவனத்துக்குரியவை. அக்காலத்தில் ஹதீஸ் ஒரு துறையாக இறுகியது. அறிவிப்பாளர் நெடும் பயணங்கள் செய்து ஆசிரியர்களை நேரில் சந்திக்க வேண்டும்; கேட்டதைச் சீர்தூக்கிப் பார்க்கும் சட்ட நுண்ணறிவு வேண்டும் என்ற எதிர்பார்ப்புகள் வளர்ந்தன. மஹ்ரம் இன்றிப் பயணம் செய்ய முடியாத பெண்ணுக்கு இந்த நிபந்தனைகளே தடையாயின. ஏற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களும் அதே அளவு சிந்திக்கத் தக்கவை. ஹதீஸ் தொகுப்புகள் நிலைபெற்று, எழுத்துவழிப் பரிமாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அறிவிப்பாளர் தொடர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு சிறப்பு என்ற நிலை வந்தது. உலமாக் குடும்பங்கள் தம் பெண் குழந்தைகளை மூன்று நான்கு வயதிலேயே முதிய ஆசிரியர்களின் அவைகளுக்கு அழைத்துச் சென்று பெயர் பதிவு செய்தன. அக்குழந்தை எண்பது வயது வரை வாழ்ந்தால், இரு தலைமுறைகளை இணைக்கும் அரிய கண்ணியாக மாறினாள்.

ஹிஜ்ரி 646இல் பிறந்து 740இல் மறைந்த டமஸ்கஸின் ஸைனப் பின்த் அல்கமால் இதற்குச் சிறந்த சான்று. இளம் வயதில் அவர் பெற்ற இஜாஸாக்கள் முதுமையில் அவரிடம் மாணவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தன. உலகப் பயணி இப்னு பதூதாவும் அவரிடம் இஜாஸா பெற்றவர். அவருடைய கண்ணியத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கண்ணியம் எதன் மீது நின்றது? நூலைப் பாதுகாத்து ஒப்படைக்கும் நம்பகத்தின் மீது. நூலுக்குப் பொருள் கூறும் அதிகாரத்தின் மீது அன்று. பல்லாயிரம் பெயர்களின் பெருமிதத்தில் நாம் மறந்துவிடக் கூடாத வேறுபாடு இது.

சயீதின் ஆய்வுக்கும் எல்லை உண்டு. ஹதீஸ் பரிமாற்றத்தையே அளவுகோலாகக் கொள்வதால், சட்டத்திலும் தீர்ப்பிலும் பெண்கள் பேசிய இடங்கள் அவருடைய சித்திரத்தின் ஓரத்துக்குச் சென்றுவிடுகின்றன. ஹனஃபி மத்ஹபின் 'துஹ்ஃபதுல் ஃபுகஹா'வை இயற்றிய அலாவுத்தீன் ஸமர்கந்தியின் மகள் ஃபாத்திமா ஒரு ஃபகீஹா. அவ்வீட்டிலிருந்து வெளிவந்த ஃபத்வாக்களில் தந்தையின் கையொப்பத்துடன் மகளின் கையொப்பமும் இருந்தது. அவரை மணந்த காஸானி (மறைவு ஹிஜ்ரி 587) அந்நூலுக்கு எழுதிய விரிவுரையே மஹராக அமைந்ததென்பர். ஃபத்வாவில் கணவர் தவறும்போது மனைவி திருத்தினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். இளைய உம்முத் தர்தா தொழுகையில் ஆண்களைப் போன்றே அமர்ந்ததைக் குறிப்பிடும் இமாம் புகாரி (ரஹ்), அவர் ஒரு ஃபகீஹா என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

இந்த இரண்டாம் வகை அதிகாரத்தின் ஊற்று அன்னை ஆஇஷா (ரழி) அவர்களே. ஸர்கஷி (மறைவு ஹிஜ்ரி 794) தொகுத்த ஒரு நூலின் பொருளே, ஏனைய ஸஹாபாக்களின் அறிவிப்புகள் மீது அன்னையவர்கள் செய்த திருத்தங்கள்தாம். குடும்பத்தார் அழுவதால் மய்யித் வேதனை செய்யப்படும் என்ற அறிவிப்பைக் கேட்டபோது, எவரும் மற்றவரின் சுமையைச் சுமக்கமாட்டார் என்ற குர்ஆனின் அடிப்படையை முன்வைத்து அவர் அதை மறுத்தார். அறிவித்தவர் பொய்யுரைத்தார் என்று அவர் சொல்லவில்லை. தவறு நேர்ந்தது என்றார். பெண்ணின் குறுக்கீட்டால் தொழுகை முறியும் என்ற கூற்றையும் தம் சொந்த அனுபவத்தைச் சாட்சியாக்கி மறுத்தார். வஹியின் அடிப்படை, மொழியின் நுட்பம், வாழ்வின் அனுபவம் ஆகிய மூன்றும் அவருடைய முறையியலில் ஒன்றுசேர்கின்றன. நம் ஆலிமாக்களுக்குப் பாடநூலாக வைக்கத்தக்கது இந்த முறையியல்.

ஆனால் இதை எளிய ஆண், பெண் முரணாக்கிவிடலாகாது. மூன்று தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சமும் இருப்பிடமும் இல்லை என்று ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) தம் அனுபவத்திலிருந்தே அறிவித்தபோது, உமர் (ரழி) அதை ஏற்கவில்லை. ஆஇஷா (ரழி) அவர்களும் ஏற்கவில்லை. பின்னாளில் இமாம் அஹ்மத் (ரஹ்) அதையே ஆதாரமாகக் கொண்டார். ஒரு பெண்ணின் சொல் பெண்ணின் சொல் என்பதற்காக வெல்லவும் இல்லை, வீழவும் இல்லை. அது விவாதத்துக்கு உரிய சொல்லாக மதிக்கப்பட்டது என்பதே முக்கியம்.

மொரோக்கோவின் சமூகவியலாளர் ஃபாத்திமா மர்னிஸி (1940-2015) இங்கு நினைவுக்கு வருகிறார். பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமூகம் பற்றிய ஹதீஸை அவர் 1987இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தபோது, அதை அறிவித்த ஸஹாபியின் நம்பகத்தையே கேள்விக்குள்ளாக்கினார். ஹதீஸ் கலையினர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தம் கலையின் விதிகளின்படி அதற்கு மறுப்பும் தந்தனர். மர்னிஸியின் முறை பலவீனமானது என்பதில் நாமும் உடன்படுகிறோம். எனினும், விடை தவறிவிட்டதால் வினா செத்துவிடுவதில்லை. அந்த வினாவை ஹதீஸ் கலைக்குள் நின்று கேட்கும் தகுதி பெற்ற பெண்களை அக்காலத்து மதரஸாக்கள் உருவாக்கியிருந்தால், அது வெளியிலிருந்து வந்திருக்குமா?

உள்ளிருந்து வினா எழும்போது என்ன நிகழும் என்பதற்கு நத்வியே சான்று. அவருடைய வகுப்புகளை ஓராண்டு பின்தொடர்ந்த அமெரிக்க எழுத்தாளர் கார்லா பவர் 2015இல் எழுதிய நூலில் ஒரு நிகழ்வு வருகிறது. சிறுவயதுத் திருமணம் செல்லும் என்று ஆசிரியர் கூற, பெண் மாணவியர் அதனால் விளையும் தீங்கை எடுத்துரைத்து வாதிட்டனர். ஆசிரியர் மீண்டும் நூல்களைப் புரட்டினார். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபாவின் நீதிபதியாயிருந்த இப்னு ஷுப்ருமா அத்தகைய திருமணத்தை ஏற்காத செய்தி அவர் கண்ணில் பட்டது. தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஃபத்வா ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஏட்டில்தான் இருந்தது. அதைத் தேட வைத்தவை வகுப்பில் அமர்ந்திருந்த பெண்களின் வினாக்கள். நத்வியின் 43 தொகுதிகளை விடவும் இந்த ஒரு நிகழ்வு அவருடைய ஆய்வின் உட்பொருளை நன்கு விளக்குவதாக நமக்குத் தோன்றுகிறது.

தனியொரு வகுப்பில் நிகழ்ந்ததை நிறுவனமாக்கிய முயற்சிகளும் உண்டு. ஹைதராபாத்தின் ஒரு பெண்கள் மதரஸா 2003இல் பெண்களுக்கு முஃப்தி பயிற்சி அளித்துப் பட்டம் வழங்கியது. மொரோக்கோ அரசு 2006இல் முர்ஷிதாக்களின் முதல் அணியில் ஐம்பது பெண்களைப் பயிற்றுவித்து வெளியிட்டது. இவற்றினும் ஆழமானது இந்தோனேசிய அனுபவம். 2017 ஏப்ரலில் சிரபோனில் உள்ள ஒரு பெஸந்த்ரெனில் பெண் உலமாக்களின் மாநாடு கூடியது. சிறார் திருமணம், பாலியல் வன்முறை, சுற்றுச்சூழல் அழிப்பு ஆகிய மூன்று விடயங்களில் அது மார்க்கத் தீர்ப்புகளை அறிவித்தது. குர்ஆன், ஹதீஸ், இமாம்களின் கூற்றுகள் ஆகியவற்றுடன் பெண்களின் வாழ்வனுபவத்தையும் அது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் திருமண வயது பற்றித் தீர்ப்பளித்தது. 2019இல் பெண்ணின் திருமண வயது 16இலிருந்து 19ஆக உயர்த்தப்பட்டது. இம்மாற்றம் ஒரு மாநாட்டால் மட்டும் விளைந்ததன்று. ஆனால் மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பு எழுந்த களத்தில், மார்க்கத்தின் மொழியிலேயே மறுமொழி சொல்லப் பெண்கள் ஆயத்தமாயிருந்தனர்.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழகத்திலும் இலங்கையிலும் நிஸ்வான் மதரஸாக்கள் பெருகியுள்ளன. ஆண்டுதோறும் ஆலிமாப் பட்டம் பெறும் பெண்கள் வெளிவருகின்றனர். இது நம் பாட்டிமாருக்குக் கிடைக்காத வாய்ப்பு. கீழக்கரை ஆசியா உம்மாவைப் போல் அரபுத்தமிழில் ஞானப் பாடல் யாத்த பெண்கள் நம்மிடையே இருந்திருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய வாழ்வைப் பதிந்துவைக்க நமக்கொரு ஸகாவி வாய்க்கவில்லை. இப்போது பட்டம் பெறுவோரின் பெயர்களாவது மலர்களில் அச்சாகின்றன. மகிழ்ச்சிதான். ஆயினும் சயீதின் ஆய்வு நம்மைத் துளைத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இந்த ஆலிமாக்கள் பாதுகாத்து ஒப்படைப்பவர்களா, பொருள் கூறுபவர்களா? தலாக், குல்உ, வாரிசுரிமை பற்றிய வழக்கு மஹல்லாவுக்கு வரும்போது, அதே ஊரில் ஏழாண்டு ஓதிய ஆலிமாவின் கருத்தை எந்த ஜமாஅத் கேட்டு அனுப்புகிறது?

பெண் வலுவூட்டல் என்பது புறத்திலிருந்து இறக்குமதியான சொல் என்று அஞ்சுவோருக்கு நாம் சொல்வது இதுவே. சொல் புதிதாயிருக்கலாம், பொருள் ஸமர்கந்தியின் வீட்டில் கையொப்பமாக இருந்தது. நத்வியின் பட்டியலைப் பெருமைக்காக மட்டும் மேடைகளில் வாசித்தால் அது நம் முன்னோருக்குச் செய்யும் நன்றிக்கடனாகாது. அந்தப் பட்டியலில் இனிச் சேரவிருக்கும் பெயர்களுக்கு இஜாஸாவுடன் ஃபத்வாப் பலகையில் ஓர் இருக்கையும் தருவதே அக்கடனைத் தீர்க்கும் வழி. இன்று நம் மதரஸாவின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவி கேட்கத் தயங்கும் கேள்விக்கான விடையும், இப்னு ஷுப்ருமாவின் ஃபத்வாவைப் போல, ஏதோ ஓர் ஏட்டில் காத்திருக்கலாம்.