பாடகர்களைப் பற்றிய எமது பேச்சும் மொஹிதீன் பேக்கும்

எமது இலக்கியக் கூட்டங்களில் நூலைப் பற்றிய பேச்சு முடிந்து தேநீர் வரும்போது பெரும்பாலும் பாட்டைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஒருவர் முஹம்மத் ரபியைப் பற்றி ஒரு கதையை எடுத்து விடுவார். அதற்குப் பதிலாக இன்னொருவர் நாகூர் ஹனிபாவைப் பற்றி ஒன்று சொல்வார். ரபி பிறந்தது 1924 டிசம்பர் 24, ஹனிபா பிறந்தது 1925 டிசம்பர் 25, இருவருக்கும் வயது வித்தியாசம் சரியாக ஓராண்டும் ஒரு நாளும் என்று மூன்றாமவர் கணக்குச் சொல்வார். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் கேட்டவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆகவே இங்கு நான் எழுதுவது வெளியே நின்று சொல்லும் குற்றச்சாட்டு அல்ல.

இந்தக் கதைகளுள் அதிகம் சொல்லப்படுவது 'பைஜு பாவ்ரா' கதை. 1952இல் வெளிவந்த அந்த ஹிந்திப் படத்தில் ஹரியின் தரிசனத்துக்காக ஏங்கும் பஜனைப் பாடல் ஒன்று உண்டு. மால்கௌன்ஸ் ராகம், எமது பக்கத்தில் ஹிந்தோளம் என்போம். எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசை நௌஷாத், பாடியவர் ரபி. மூவரும் முஸ்லிம்கள். இதைச் சொல்லிவிட்டுச் சொல்பவர் சற்று நிறுத்துவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். கலைக்கு மதமில்லை என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கும் இந்தக் கதை அலுப்பதில்லை.

இவ்வாறான துணுக்குகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. இஸ்லாமியப் பாடல்கள் பற்றித் தமிழில் நம்பிக்கையோடு எடுத்துப் பார்க்கத்தக்க ஆவணங்கள் மிகக் குறைவு. எந்தப் பாடலை யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்பதெல்லாம் இரசிகர்களின் வாயில்தான் இருக்கிறது. எமது தலைமுறைக்கு இந்தப் பழக்கத்தைத் தந்தது வானொலி. ரேடியோ சிலோன், 1967இன் பின் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய பிறகும், அதன் தமிழ் அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று சொல்லிவிட்டே தட்டைச் சுழலவிட்டார்கள். பாட்டைக் கேட்பதோடு பாட்டுக்குப் பின்னால் நின்றவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பழக்கம் அவ்வாறுதான் எங்களுக்குப் படிந்தது.

ஆனால் ஹனிபாவைப் பற்றிய பேச்சில் அந்தப் பழக்கம் எங்கே போனது? ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்பார்கள். நாகூர் அவர் பெயரோடு ஒட்டியிருந்தாலும் பிறந்தது இராமநாதபுரத்தில் என்பார்கள். 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு பாடியதையும், 'செம்பருத்தி' (1992), 'ராமன் அப்துல்லா' (1997) படங்களில் இளையராஜா அவரைப் பாடவைத்ததையும் சொல்வார்கள். "இறைவனிடம் கையேந்துங்கள்" என்ற பாடலைச் சொல்லாத ஆளே இல்லை. அதை எழுதியவர் யார் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். எழுதியவர் ஆர். அப்துல் ஸலாம். புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்றோர் எழுதிய பாடல்களும் பாடகரின் பெயரிலேயே வழங்குகின்றன. எழுத்தாளர்கள் கூடியிருக்கும் இடத்திலேயே எழுதியவனின் பெயர் தெரியாதிருப்பது எமக்கு உறைப்பதில்லை. ஆர்மோனியமும் தபேலாவும் வாசித்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஹனிபா திராவிட முன்னேற்றக் கழகத்தின் பாடகராகவும் வாழ்நாள் முழுவதும் இருந்தவர். 'அழைக்கின்றார் அண்ணா' பாடலைப் பதிவுசெய்ய இசைத்தட்டுக் கம்பனி முதலில் மறுத்ததாக வழங்கும் கதை தமிழகத்துக் கட்சிக்காரர்களிடையே பிரசித்தம். எமது கூட்டங்களில் அது அபூர்வமாகத்தான் வரும். எமக்கு வேண்டியது மீலாத் மேடை ஹனிபா மட்டுமே. அதாவது, நாம் நினைவுகளைப் பரிமாறிக் கொள்ளும்போதே தெரிவும் செய்கிறோம்.

இந்தத் தெரிவில் முற்றாக விடுபட்டுப் போனவர் மொஹிதீன் பேக்.

சேலத்தில் 1919இல் பிறந்து, இளவயதில் இலங்கைக்கு வந்து, இந்த மண்ணிலேயே வாழ்ந்து, 1991இல் மறைந்தவர். சிங்களச் சினிமா தொடங்கிய 1947ஆம் ஆண்டிலேயே 'அசோகமாலா' படத்தில் பாடியவர். அப்படத்துக்கு இசையமைத்த முஹம்மத் கௌஸ் மாஸ்டரும் முஸ்லிம்தான். ருக்மணி தேவியோடு பேக் பாடிய ஜோடிப் பாடல்களை முதிய சிங்கள இரசிகர்கள் இன்றும் உருகிச் சொல்வார்கள். அந்த ருக்மணி தேவி கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் டேசி என்ற பெயரோடு பிறந்த கிறிஸ்தவர். பின்னர் வந்த இசையமைப்பாளர்களில் ஆர். முத்துசாமி, எம்.கே. ரொக்சாமி இருவரும் தமிழர். 'பைஜு பாவ்ரா' கதையில் மூன்று பேர்தான். இங்கே ஒரு சினிமாவின் ஆரம்ப கால இசையே இப்படித்தான் நிற்கிறது. துணுக்குப் பிரியர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா? இருந்தும் தேநீர் நேரத்தில் நாங்கள் பம்பாய்க்கே போகிறோம்.

காரணம் தெரியாததல்ல. பேக்கின் குரலைச் சிங்கள மக்கள் நெஞ்சில் வைத்திருப்பது அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்களுக்காக. வெசாக் வந்தால் பந்தல்களின் ஒலிபெருக்கிகளில் அவர் குரல் எழும். அறிவிப்பில் அவர் பெயருக்கு முன்னால் 'அல்ஹாஜ்' என்ற சொல்லும் சேர்ந்தே வரும். புத்தரைப் பாடிய ஹாஜியாரை எங்கே வைப்பது என்று எமக்குத் தெரியவில்லை. ஹரியைப் பாடிய ரபி தூரத்தில் இருக்கிறார். அவரைப் பாராட்டுவதால் எமது ஊரில் எந்தப் பள்ளிவாசல் திண்ணையிலும் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேக் அப்படியல்ல. தமிழில் எழுதும் எம்மவர் சிலர் மொழியைக் காரணம் காட்டுவதுண்டு. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் சிங்களப் பாட்டை இரசிப்பது எங்களில் பலருக்குச் சங்கடமான காரியமாகியது உண்மை. ஆனால் அர்த்தம் புரியாமலேதான் நாங்கள் ஹிந்திப் பாட்டையும் கேட்டோம். எனவே மொழிக் காரணம் பாதிதான் நிற்கும்.

எனக்கும் இதில் பங்குண்டு. எழுபதுகளின் நடுப்பகுதியில் வாப்பா மருதானையில் சிறிய கடையொன்று வைத்திருந்தார். வெசாக் இரவில் என்னைக் கைபிடித்துப் பந்தல் பார்க்கக் கூட்டிப் போனார். தன்சல் வரிசைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியின் கீழே நின்றுவிட்டார். பாட்டு முடியும்வரை நகரவில்லை. "இது எங்கட ஆள் பாடுற" என்றார். சிறிது தூரம் நடந்த பின், "ஊருக்குப் போய் உம்மாட்டச் சொல்லாத, பாட்டுக் கேட்டு நிண்டெண்டு" என்றார். நான் சொல்லவில்லை. உம்மாவிடம் மட்டுமல்ல, நாற்பது வருடங்களுக்கு மேலாக எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. அதே காலத்தில் ரபியின் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

பேக்கையும் 'நம்மவர்' பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட வேண்டும் என்பது என் வாதமல்ல. அந்தப் பட்டியலே எனக்கு ஒவ்வாது. பட்டியல் போடுபவர் பெயரை எண்ணுவார், பாட்டைக் கேட்கமாட்டார். பேக்கைக் கேட்டால் வேறு கேள்விகள் எழும். ஹனிபாவைப் போலவே அவரும் தொண்டையைத் திறந்து பாடுகிறவர்; மைக்குக்கு அருகில் முணுமுணுக்கும் பாணி இருவரிடமும் கிடையாது. ஹனிபா சொல்லை உரத்து அழுத்தி, மேடைப் பேச்சைப் போல நிறுத்தி நிறுத்திச் செல்வார். பேக் சொல்லின் கடைசி உயிரை இழுத்து அங்கே குரலை வளைப்பார். அந்த வளைவில் ஹிந்துஸ்தானி வாடை உண்டு. தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர், வட இந்திய வளைவோடு, சிங்களச் சொல்லைப் பாடும்போது அந்த மொழிக்கு என்ன நேர்கிறது? ஹிந்தி மெட்டுக்களில் சிங்களச் சொற்களை வைத்துப் பாடிய இசைத்தட்டுக் காலத்தைப் பிற்காலச் சிங்கள இசை விமர்சகர்கள் சிலர் இரவல் இசை என்று கடுமையாகச் சாடினார்கள். எமது இஸ்லாமியப் பாடல்களிலும் இரவல் மெட்டுக்கள் ஏராளம். அதை நாங்கள் இன்றுவரை விமர்சனத்துக்கு எடுக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கக்கூடியவர்கள், இரு மொழியும் தெரிந்த எம்மவர்கள்தாம்.

ஹனிபா 2015 ஏப்ரலில் மறைந்தபோது எமது பக்கங்களில் நினைவுக் குறிப்புகள் நிறையவே வந்தன. பெரும்பாலானவற்றில் அவர் குரலும் பாடல்களும் இருந்தன, பாடலாசிரியர்கள் இல்லை. பேக்கை மேடையில் பாடக் கண்டவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் அப்படியானவர்கள் எம்மவரிடையே நிச்சயம் இருப்பார்கள். அவரோடு வாத்தியம் வாசித்தவர்கள், இசைத்தட்டுக் கடைகளில் நின்றவர்கள், அவர் பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்கள் இருப்பார்கள். தெரிந்தவர்கள் எழுதி அனுப்பட்டும். எழுதும்போது அந்தப் பாட்டை எழுதியவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.