உடல் இல்லாத ஒப்பாரி

ஹாம்லெட் நாடகத்தில் ஒபிலியாவுக்கு ஏன் புத்தி பேதலிக்கிறது? காதல் தோல்வி என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பசலை படர்ந்த தலைவிகளை வாசித்துப் பழகியவர்கள் நாம். 1891-இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' எங்கள் நாஞ்சில் நாட்டை வைத்து மூளும் சண்டையைச் சொல்வது. அதிலும் கனவில் கண்டவனை நினைத்துத்தான் மனோன்மணி காய்ச்சலில் விழுகிறாள். கடைசியில் அவனுக்கே மாலையிடுகிறாள். காதல் நோய்க்கு அப்படி ஒரு மருந்து உண்டு.

ஒபிலியாவுடையது வேறு நோய். நாலாம் அங்கத்தில் அவள் பாடுவதைக் கவனியுங்கள். காதலனை விசாரிப்பதுபோலத் தொடங்கும் முதல் பாட்டே சாவுக்கும் குழிக்கும் திரும்பிவிடுகிறது. ஏமாற்றப்பட்ட பெண்ணின் பாட்டு நடுவில் வந்து போகிறது. கடைசிப் பாட்டு, இனித் திரும்பி வராத ஒரு கிழவரைப் பற்றி.

அந்தக் கிழவர் அவள் அப்பா பொலோனியஸ். கொன்றவன் ஹாம்லெட். அப்பாவுக்காக வாய்விட்டு அழுதால் காதலனைச் சபிக்க வேண்டும். அழுவதற்கு உடலாவது கிடைத்ததா? அரசன் கிளாடியஸ் அதை அவசரமாக, ரகசியமாகப் புதைத்துவிட்டான். சடங்கு எங்கே என்று அண்ணன் லேயர்டஸ் கூட்டத்தோடு வந்து கத்துகிறான். தங்கைக்கு அந்த வழி கிடையாது. அவளைக் கடிதங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள். ஹாம்லெட்டை வேவு பார்க்க அவளையே இரையாக நிறுத்தினார்கள், நின்றாள்.

எங்க அருமனைப் பக்கம் சாவு வீட்டில் பெண்கள் சொல்லிச் சொல்லி அழுவார்கள். 'எங்கள விட்டுட்டுப் போனியளே' என்று தொடங்கினால், செத்தவர் தந்தது, தராதது, செய்த அநியாயம் எல்லாம் வெளியே வந்துவிடும். மற்ற நாளில் வாயைத் திறக்க விடாத பேச்சுக்கு அன்றைக்கு மட்டும் அனுமதி. அதைக் கேட்டு யாரும் 'இவளுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு' என்று சொல்வதில்லை. முன்னால் உடல் கிடக்கிறதே!

ஒபிலியா பாடுவதும் ஒப்பாரிதான். உடல் இல்லாததால் அரண்மனை அதைப் பைத்தியம் என்கிறது. பிறகு அவளே ஓடையில் மூழ்கிச் சாகிறாள். அவளுக்குக் கிறிஸ்தவ அடக்கம் தகுமா என்று குழிவெட்டுகிறவர்கள் வாதாடுகிறார்கள். பாதிரியார் சடங்கைக் குறைத்துவிடுகிறார். அப்பனுக்கும் கிடைக்கவில்லை, மகளுக்கும் கிடைக்கவில்லை.

பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. இனிமேல் மேடையேற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: தலையை விரித்துப்போட்டு, கையில் பூவைக் கொடுத்து அவளை அழகாகச் சுற்றவிடாதீர்கள். நடுவில் ஒரு பிணம் கிடக்கிற அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டு, அதன் தலைமாட்டில் அவளை உட்காரவையுங்கள். அங்கிருந்து பாடட்டும்.