கேமரா யார் பக்கம்?

2024இல் 'பிரமயுகம்' வந்தபிறகு ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது. மனசுக்குள் நடக்கும் பயங்கரத்தைப் படமாக்க மலையாளத்துக்குத்தான் தெரியுமாம். தமிழுக்குத் தெரிந்தது பேயும் காமெடியும்தானாம். இங்கே மதுரைத் திருநகரிலும் சினிமா பேசுகிற பிள்ளைகள் இதையே சொல்கிறார்கள். 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசைகளின் இரைச்சலில் வளர்ந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால், யாருடைய கண்ணால் பார்ப்பது என்ற கேள்வியோடு கேமராவைத் தூக்கியவர்கள் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டில்லாத படம் என்றே நினைவுகூரப்படுகிறது. விசாரணையில் ஒவ்வொருவரும் சந்தேகப்படுவதை, நடந்ததுபோலவே திரையில் காட்டியதுதான் அதன் பெரிய துணிச்சல். அவரே எடுத்த 'நடு இரவில்', திருலோகசந்தரின் 'அதே கண்கள்' இரண்டும் கொலையாளி யார் என்ற புதிரோடு நின்றுகொண்டன.

புதிரைத் தூக்கிப் போட்டது 'சிகப்பு ரோஜாக்கள்' (1978). கொலைகாரன் யாரென்று நமக்குச் சொல்லிவிடுகிறார் பாரதிராஜா, ஸ்ரீதேவிக்குத்தான் தெரியாது. அதைவிடக் கொடூரம், கொலைகள் படம்பிடிக்கப்பட்டு வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டப்படுவது. நிவாஸின் கேமரா நம்மையும் அந்தக் கிழவரின் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறது. மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' (1960) தொட்ட குற்றவுணர்வு இதுதான். இரண்டு வருஷம் கழித்து 'மூடுபனி'. இயக்கமும் ஒளிப்பதிவும் பாலுமகேந்திராவே. முகத்தில் பாதியை இருட்டுக்கு விட்டுவிடும் இயல்பான வெளிச்சம். கடத்திவந்த பெண்ணின் முன்னால் கிதாரோடு உட்கார்ந்து பாடும் பிரதாப் போத்தன். இளையராஜாவின் அந்தப் பாட்டைக் காதல் பாட்டாகவே இன்றும் கேட்கிறோமே, அதுதான் அந்தக் காட்சியின் பயங்கரமான வெற்றி.

இரண்டையும் நேசித்துக்கொண்டே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டிலும் கொலைகாரனுக்கு ஒரு பால்யம், ஒரு காரணம், நம் இரக்கம் எல்லாம் கிடைக்கிறது. செத்த பெண்களுக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. கேமராவில் காட்டிய தைரியத்தைக் கதையில் காட்டவில்லை. பின்னால் வந்த எத்தனையோ சைக்கோ படங்கள் இந்தப் பலவீனத்தைத்தான் சொத்தாக எடுத்துக்கொண்டன.

'பீட்சா' (2012) வேறு வழியில் போனது. இயக்குநர் கார்த்திக் சுப்பராஜ் நம் பக்கத்துத் திருப்பரங்குன்றத்தில், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். டார்ச் வெளிச்சம் விழும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாக, ஒரு பங்களாவுக்குள் விஜய் சேதுபதி அல்லாடுகிறார். கோபி அமர்நாத்தின் கேமரா அவரைவிட்டு அசைவதில்லை. கடைசியில் பார்த்தால், அவ்வளவும் அவர் சொன்ன கதை. திருப்பத்தை மட்டும் கொண்டாடியவர்கள், 'அந்த நாள்' விட்ட நூலை ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து ஒருவர் பிடித்ததைக் கவனிக்கவில்லை.

அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) கறுப்புவெள்ளையையும் வண்ணத்தையும் இரு கதைகளுக்குப் பிரித்துக் கொடுத்துப் பிறகு மோதவிட்டது. ஆனால் நான் அதிகம் மதிப்பது அவருடைய 'கேம் ஓவர்' (2019). அதன் தொடக்கம் பழைய பாணிதான்: கொலைகாரன் பார்வையில், ஒளிந்திருந்து ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். பிறகு ஏ. வசந்தின் கேமரா தாப்ஸியின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இருட்டைக் கண்டால் மூச்சுத் திணறுகிற, சக்கர நாற்காலியில் முடங்கிய ஒருத்தியோடு கடைசிவரை இருக்கிறது. கொலைகாரர்களுக்கு முகமோ பால்யமோ தரவில்லை. அடுத்து எடுக்கப்போகிறவர்கள் 'பிரமயுக'த்தின் கறுப்புவெள்ளையை நகலெடுக்கும் முன், அந்த ஒரு வீட்டைப் பார்க்கட்டும்.