கோபுரமும் தெருவும்: கட்டட விதிகள்மீது ஒரு மதிப்பீடு

கட்டட விதிகளை யாரும் நூலாக வாசிப்பதில்லை. அனுமதி வாங்கித் தருபவர்கள் தேவைப்பட்ட பக்கத்தைப் புரட்டுகிறார்கள். வழக்கு வந்தால் வக்கீல்கள் புரட்டுகிறார்கள். ஆனால் இன்றைய சென்னையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் எழுத்து எது என்று கேட்டால், 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத்தான் சொல்ல வேண்டும். அறிவிக்கப்பட்ட அந்த வடிவையே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அதன் முறை, உள்ளிசைவு, சாதனை மூன்றையும் உரசிப் பார்க்கலாம். உரைகல், தென்சென்னையின் தரமணி.

தரமணியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிலத்தின் பெரும்பகுதி நிறுவனங்களின் கையில் இருக்கும் ஊர் இது. வி.எச்.எஸ். மருத்துவமனை, மத்திய பாலிடெக்னிக், சி.எஸ்.ஐ.ஆர். வளாகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் என்று மதிலை ஒட்டி மதிலாக வளர்ந்தது. 2000-இல் டைடல் பார்க் வந்தது. பின்னர் மாநில அரசின் டிட்கோவும் டாட்டா ரியால்டியும் சேர்ந்து ராமானுஜன் ஐ.டி. சிட்டியை எழுப்பின. அண்மையில் டி.எல்.எஃப். டவுன்டவுன். வேலைக்கு வருவோர் கூடினர். வீடுகள் அந்த அளவுக்குக் கூடவில்லை. பறக்கும் ரயில் 2007-இலேயே வந்துவிட்டது, மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு குடியிருப்புக் கோபுரத்தைத் திட்டமிடுவது பேராசை ஆகாது. நகரமைப்பின் கணக்கே அதைக் கேட்கிறது. எதிர்ப்பதற்காக எதிர்ப்பவர்கள் தினமும் ஓ.எம்.ஆர். நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருபவர்களிடம் பேசிப் பார்க்கட்டும்.

முதலில் நிறைகள். நகரத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த விதிகளை மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகுப்பாக்கியது இந்த நூல். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரக் கட்டடம் என்ற வரையறையில் குழப்பம் இல்லை. 18 மீட்டர் அகலச் சாலையில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 3.25; கட்டணம் செலுத்தி பிரீமியமாக மேலும் 50 சதவீதம் வாங்கினால் 4.875. மனைக்காரர் தன் இடத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். பாதுகாப்பில் அலட்சியம் என்ன செய்யும் என்பதை 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பார்த்தோம்: 11 மாடி சரிந்தது, 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அமைப்புப் பொறியியலிலும் தீயணைப்பு ஏற்பாட்டிலும் காட்டப்படும் கண்டிப்பைக் கட்டுநர்களுக்கு இடைஞ்சல் என்று குறை சொல்ல முடியாது. அந்தக் கண்டிப்பு இந்த நூலின் தலையாய தகுதி.

குறை, நூல் தரையைத் தொடும் இடத்தில் தொடங்குகிறது.

உயரக் கட்டடத்துக்கு நாற்புறமும் செட்பேக், அதாவது காலி இடம், விட வேண்டும். 30 மீட்டர் உயரம்வரை 7 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதல். 60 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 12 மீட்டர் ஆகிறது. தீயணைப்பு வண்டி சுற்றி வரவும் பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் கிடைக்கவும் இது அவசியம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பக்கத்து மனைக்கும் பொதுத் தெருவுக்கும் இந்த விதி வேறுபாடு பார்ப்பதில்லை. பின்பக்கம் விட வேண்டிய அதே 12 மீட்டரை நடைபாதைப் பக்கமும் விடச் சொல்கிறது. விளைவு எல்லோரும் அறிந்ததே. சாலையை ஒட்டி காம்பவுண்ட் சுவர், உள்ளே கார் போகும் வழி, அதற்கும் உள்ளே கட்டடம். நடந்து போகிறவருக்குக் கிடைப்பது கிரானைட் பதித்த சுவரும் செக்யூரிட்டி கூண்டும்தான்.

இதே விதித் தொகுப்பில் தொடர் கட்டடப் பகுதி என்ற வகையும் இருக்கிறது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் பக்கவாட்டில் இடம் விடாமல், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டலாம். மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும் பழைய தி. நகருக்கும் உயிர் கொடுத்தது தெருவோடு ஒட்டிய முகப்புதான் என்பதை நகரமைப்பு படித்த யாரும் மறுக்கமாட்டார்கள். ஒரு மரபை அறிந்து வைத்திருக்கும் நூல், புதிய கட்டடத்துக்கு அதை மறந்துவிடுகிறது. உள்ளிசைவில் இதைப் பெருங்குறையாகவே எழுதிவைக்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான குறை ஒன்று உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. கடை சேரும். தரைத்தளத்தில் கடை வைக்கும் கட்டுநர் ஒவ்வொரு சதுர அடிக்கும் மேலே விற்கக்கூடிய வீட்டுப் பரப்பை இழக்கிறார். கடைக்கு வருவோருக்கென்று கூடுதல் பார்க்கிங்கும் காட்ட வேண்டும். அதே இடத்தில் கார் நிறுத்தினால் நஷ்டம் ஏதும் இல்லை. கட்டுநர்களின் ரசனையைக் குறை சொல்லிப் பயன் என்ன? தரைத்தளத்தைக் காருக்குக் கொடு என்று விதியே கணக்குப் போட்டுச் சொல்கிறது.

கடைப்பரப்பு இருந்தால் மட்டும் தெரு உருவாகிவிடும் என்று நம்புபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் பக்கத்திலேயே நிற்கின்றன. முதலாவது, பறக்கும் ரயில் நிலையங்கள். திருவான்மியூரிலும் தரமணியிலும் ரயிலுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரிய கட்டடங்கள், வணிகத்துக்கென்றே எழுப்பப்பட்டு ஆண்டுக்கணக்கில் காற்றாடின. கடைக்கு இடம் இருந்தது. தெருவில் போகிறவர் கண்ணில் படும் வாசல் இல்லை. இரண்டாவது, வேளச்சேரி பீனிக்ஸ் வளாகம். மாலும் கிரெஸ்ட் குடியிருப்புக் கோபுரங்களும் ஒரே மனையில் நிற்கின்றன, வியாபாரம் அமோகம், ஆனால் அத்தனையும் உள்நோக்கிய வியாபாரம். வேளச்சேரி மெயின் ரோட்டுக்கு அது கொடுத்தது வாகன வரிசை.

மதியம் பன்னிரண்டரைக்கு தரமணி ஐ.டி. வளாகங்களின் வெளிவாசலைப் பாருங்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் இரண்டு பெரிய பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். லெமன் சாதம், தயிர் சாதம், அவித்த முட்டை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றபடியே சாப்பிடுகிறார்கள், போனில் பணம் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மணிக்குள் பாத்திரம் காலி. பல லட்சம் சதுர அடி திட்டமிட்ட வளாகம் ஒரு சாப்பாட்டுத் தேவையை இப்படித்தான் வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. கோபுரத்தில் குடியேறும் சில நூறு குடும்பங்களுக்கு இஸ்திரி வண்டி வேண்டும், பால் வேண்டும், இரவு பத்து மணிக்கு மருந்துக்கடை வேண்டும். இவை எல்லாம் சுவருக்கு வெளியே எப்படியாவது முளைக்கும், பிறகு ஆக்கிரமிப்பு என்று பெயர் வாங்கும்.

இனி அனுமதி முறை. இங்கே கேள்விகளுக்குப் பஞ்சம் இல்லை. தீயணைப்புத் துறை தீயைப் பற்றிக் கேட்கிறது, விமான நிலைய ஆணையம் உயரத்தைக் கேட்கிறது, போக்குவரத்துப் போலீஸ் வண்டிகள் உள்ளே வந்து வெளியே போகும் வழியைக் கேட்கிறது. 20,000 சதுர மீட்டர் கட்டப்பரப்பைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்திருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா வீடு வாங்குபவரைக் காக்கிறது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) திட்ட அனுமதி தருகிறது, மாநகராட்சி கட்டட அனுமதி தருகிறது. இந்த நீண்ட வரிசையில் தரமணியின் கானகம் பகுதியில் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் கட்டம் எங்கும் இல்லை. 2022-இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. திட்ட அனுமதி அவற்றின் கைக்கு எட்டாத விஷயம். தெரு வியாபாரிகள் சட்டம், 2014, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவும் கட்டட வரைபடத்தைப் பார்ப்பதில்லை. முன்கூட்டிக் கேட்காததன் விலை நமக்குத் தெரியும். தி. நகர் விதிமீறல் கட்டடங்களைப் பற்றி டிராபிக் ராமசாமி போன்ற பொதுநல வழக்காடிகள் பேச முடிந்தது நீதிமன்றத்தில்தான், அதுவும் கட்டி முடித்த பிறகு.

அப்படியானால் உள்ளூர் ஒப்புதல் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் தீர்ந்ததா? அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் உள்ளூர்க் குரல் என்றால் பெரும்பாலும் குடியிருப்போர் நலச்சங்கத்தின் குரல். அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்துச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது கடைகள் வேண்டாம், வண்டிகள் நிற்க வேண்டாம் என்பதைத்தான். அவர்களின் மனக்குறை பொய்யும் அல்ல. ஆனால் வாடகைக்கு இருப்பவரும், பி.ஜி. விடுதியில் தங்கும் பெண்ணும், முட்டை விற்பவரும் சங்கத்தில் இல்லை. உள்ளூர் ஒப்புதலைத் தடுப்பதிகாரமாகக் கொடுத்தால் தெருக்கடைக்கு முதல் எதிரி உள்ளூரே ஆகிவிடலாம். நியூயார்க்கில் சமூக வாரியங்கள் கருத்துச் சொல்கின்றன, தடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அந்த அளவு நமக்கும் பொருந்தும். தெருமுகம் என்னவாக இருக்க வேண்டும் என்பதையோ விதியே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் குறிப்பிட்ட தெருக்களில் தரைத்தளம் கடை, உணவகம் போன்ற ஆள்நடமாட்டப் பயன்பாட்டுக்குத்தான் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் வரைபடத்திலேயே குறித்துவிடுகிறது. கட்டுநரின் நல்ல மனசையோ சங்கத்தின் பெருந்தன்மையையோ நம்பி அங்கே காரியம் நடப்பதில்லை.

என் தீர்ப்பு இது. கட்டடம் விழாமலும் எரியாமலும் காப்பதில் 2019 விதிகள் தேர்ச்சி பெறுகின்றன. எண்களின் தெளிவில் முந்தைய விதிகளை மிஞ்சுகின்றன. கட்டடம் தெருவோடு கொள்ளும் உறவில் தோற்கின்றன, அந்தத் தோல்வி கவனக்குறைவால் வந்தது அல்ல, செட்பேக் கணக்கும் ஸ்டில்ட் சலுகையும் சேர்ந்து விளைவித்தது. திருத்தம் பெரிய வேலை இல்லை. தெருவை ஒட்டிய பக்கத்தில் தாழ்வான கடை வரிசைக்கு இடம் கொடுத்து, தீயணைப்பு வழியை அதன் பின்னால் வைக்கலாம். சிறு கடைகளுக்கு ஸ்டில்ட்டுக்குத் தரும் அதே எஃப்.எஸ்.ஐ. விலக்கைத் தரலாம். திட்ட அனுமதிக்கு வரைபடம் போவதற்கு முன்பு ஒரு மாதம் அதைப் பகுதி சபையின் பார்வைக்கு வைக்கலாம்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்தது 2046 வரைக்குமானது. அதன் வரைவு கருத்துக்கு வரும்போது கோபுரங்களின் உயரத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் தரைத்தள வரைபடத்தைக் கேளுங்கள்.